டூட்டி சார்ட்டும் கடல் தாண்டிய கம்பெனியும்

அந்த பஸ் டிப்போவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் டூட்டி அக்கா. பத்து வயது மூத்த டிரைவர்களுக்கும் அக்காதான். அறுபத்திரண்டு பஸ், நூற்று நாற்பது டிரைவர்கள். யார் எந்த நாள் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு ஜன்னல், அதில் பாதிக்கு மேல் இரும்புக் கம்பி. சுவரில் ஆளுயர டூட்டி சார்ட். பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, காகிதம் சில இடங்களில் முடி முளைத்த மாதிரி ஆகியிருக்கும். டிரைவர்கள் ஜன்னலில் தலையை நுழைத்து, "அக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும்..." என்று ஆரம்பித்தால், மீதியைக் கேட்காமலே அக்கா அழிரப்பரைத் தேட ஆரம்பிப்பார். வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருக்கும்.

முதலாளியின் மருமகன் மேனேஜராக வந்த வருஷம், அந்த சார்ட்டை மென்பொருளாக மாற்றுவது என்று முடிவானது. உள்ளூரில் இரண்டு கம்பெனிகளைக் கேட்டார்கள். ஒன்றரை வருஷம் ஆகும் என்றார்கள். வெளிநாட்டில் ஒரு கம்பெனி, ஆறே மாதம் என்றது, விலையும் பாதிதான். மேனேஜருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ நான் எந்த செக்ஷனுக்குப் போகணும் சார்?"

"எங்கயும் போக வேண்டாம் மேடம். நீங்கதான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும். உங்க தலைக்குள்ள இருக்கறதை அவங்க கம்ப்யூட்டருக்குள்ள போடுவாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்ன விதம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தார்.

வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழரைக்கு வீடியோ மீட்டிங். காலை முதல் வண்டிகள் எல்லாம் கிளம்பி, அக்கா ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் அது. இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்தான் பேச்சு. அக்காவுக்குப் படிக்க நன்றாக வரும், பேசத்தான் தயக்கம். திரையில் ஐந்து கட்டம். நான்கு பேர் மைக்கை மூடிக்கொண்டு இருப்பார்கள். பேசுகிறவர் ஒருவர்தான், அந்தக் குழுவின் தலைவர். நல்ல மனிதர், எப்போதும் சிரித்த முகம். என்ன சொன்னாலும் "ஓகே, ஓகே" என்பார். இரண்டாவது வாரத்திலேயே அக்கா அவருக்கு ஓகேகாரர் என்று பெயர் வைத்துவிட்டார்.

"கடைசி டிரிப் வண்டி டிப்போவுக்குத் திரும்பறப்போ ராத்திரி பன்னிரண்டு நாற்பது ஆகிடும். ஆனா அது முந்தின நாள் கணக்கு. அந்த டிரைவருக்கு மறுநாள் காலைல டூட்டி போடக்கூடாது," என்று அக்கா மூன்று தடவை சொன்னார்.

மூன்று தடவையும் பதில் "ஓகே."

அந்த ஓகேயை அக்கா நம்பினார். நம்மூரில் ஒரு ஆள் சரி என்று சொன்னால் சரிதானே. பிறகு அறுபத்து நான்கு பக்கத்துக்கு ஒரு ஆவணம் வந்தது. மென்பொருள் என்னென்ன செய்யும் என்று அதில் எழுதியிருந்தார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பன்னிரண்டாம் பக்கம் வரை படித்தார். அதற்குள் இரண்டு டிரைவர்கள் ஜன்னலில் வந்து சண்டை போட்டார்கள். மேனேஜர் வேறு, "அவங்க காத்துட்டிருக்காங்க மேடம்," என்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாவது மாதம் ஒரு சோதனை ஓட்டம் காட்டினார்கள். பத்து டிரைவர்கள், ஏழு நாள். பட்டனை அழுத்தியதும் பச்சை, மஞ்சள் கட்டங்களாக ஒரு வாரத்து சார்ட் வந்து நின்றது. அக்கா ஒன்றரை நாள் உட்கார்ந்து செய்கிற வேலை. மேனேஜர் கைதட்டினார். அக்காவும் தட்டினார், உண்மையாகவே நன்றாக இருந்தது. அந்தப் பத்துப் பேரும் பகல் வண்டி டிரைவர்கள் என்பது அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

முழு டிப்போவுக்கும் மென்பொருள் போட்ட சார்ட் வந்தது ஒரு திங்கள்கிழமை. "இனிமேல் பென்சில் வேண்டாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்ததால், அக்கா அந்த வாரம் கையால் எழுதி வைக்கவில்லை. செவ்வாய் காலை ஐந்து மணிக்கு அவர் டிப்போவுக்குள் நுழைந்தபோது கேட்டுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது.

பன்னிரண்டு நாற்பதுக்கு வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன பத்தொன்பது பேருக்கு, காலை ஐந்து பத்துக்கும் ஐந்தரைக்கும் மறுபடி டூட்டி விழுந்திருந்தது. பதினோரு பேர் வரவே இல்லை, எடுத்த போனில் குறட்டைதான் கேட்டது. வந்த எட்டுப் பேர் ஜன்னலைச் சுற்றி நின்றார்கள். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"வண்டியை எடுக்கறேன் அக்கா, எடுக்க மாட்டேன்னு சொல்லல. தூக்கத்துல யாரையாவது ஏத்திட்டா ஜெயிலுக்கு யார் போறது? நானா, நீங்களா, அந்தக் கம்ப்யூட்டரா?" என்று கேட்டார் ஒருவர்.

அக்கா எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். பகல் ஷிஃப்ட்காரர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி வண்டிகளைக் கிளப்பினார். பதினான்கு பஸ்கள் தாமதமாகப் போயின. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு காலை வந்ததில்லை. எல்லாம் அடங்கிய பிறகு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினார்.

மேனேஜர் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். அவர்கள் கோபப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆவணத்தின் முப்பத்தேழாம் பக்கத்தை அனுப்பினார்கள். நாள் என்பது நள்ளிரவு பன்னிரண்டு முதல் மறுநாள் நள்ளிரவு பன்னிரண்டு வரை என்று அதில் தெளிவாக இருந்தது. அதனால் பன்னிரண்டு நாற்பதுக்கு முடிந்த டூட்டியை மென்பொருள் செவ்வாய்க் கணக்கில் வைத்து, ஓய்வைப் புதன் காலைக்குத் தள்ளியிருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து. மாற்ற வேண்டுமென்றால் மூன்று வாரம் ஆகும், தனிக் கட்டணம். அதுவரை மறுபடி பென்சில் சார்ட்தான்.

"இதைப் பார்த்துதான கையெழுத்துப் போட்டீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"பார்க்கல சார்," என்றார் அக்கா. "பன்னிரண்டு பக்கம்தான் படிச்சேன். தப்புதான்."

"நான் அதுகூடப் படிக்கல," என்றார் மேனேஜர். அன்றிலிருந்து அக்காவுக்கு அவரைக் கொஞ்சம் பிடித்தது.

அந்த மூன்று வாரத்துக்குள் ஓகேகாரர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவரோடு இன்னும் இரண்டு பேர். ஆறு மாதமாகச் சொன்ன கதை எல்லாம் அவர்களோடு போயிற்று. புதிதாக வந்தது ஒரு பெண் புரோகிராமர். கேமராவைத் திறக்கவே மாட்டார். மீட்டிங்கில் பேச்சும் குறைவு. முதல் நாளே அக்கா கடுகடுவென்று ஆரம்பித்தார்.

"புரிஞ்சதா புரியலையான்னு சொல்லுங்க. ஓகேன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்க ஓகேயால எங்க பதினாலு பஸ் லேட்டாப் போச்சு."

அந்தப் பெண் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல மீட்டிங்ல வாடிக்கையாளர்கிட்ட முடியாது, புரியலன்னு சொல்லக்கூடாது. ஓகேன்னா, நீங்க சொன்னது காதுல விழுந்ததுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நாங்க உள்ள பேசிக்குவோம்."

"அப்போ இத்தனை நாளா என் பேச்சு காதுல மட்டும்தான் விழுந்துச்சா?"

"ஆமாம்," என்றார் அந்தப் பெண். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து கேட்ட முதல் உருப்படியான பதில் அது.

இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அக்கா ஒரு விதியைச் சொன்னால், அந்தப் பெண் அதை ஒரு டிரைவரின் ஒரு நாளாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இருபத்தி மூணாம் நம்பர் டிரைவர் வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கறார். வெள்ளி பன்னிரண்டு நாற்பதுக்கு முடிக்கறார். இது வியாழக்கிழமை கணக்கு. ஒன்பது மணி நேர ஓய்வு முடிஞ்சு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு முன்னாடி அவருக்கு எதுவும் தரக்கூடாது. சரியா?" இப்படிச் சொன்னால் தப்பு எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்தது. முதல் வாரத்திலேயே நான்கு தப்பு கிடைத்தது. அதில் இரண்டு அக்காவுடையது.

ஒரு நாள் அந்தப் பெண், "நான் பஸ் டிப்போவை உள்ள போய்ப் பார்த்ததே இல்ல," என்றார். அக்கா கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஷெட், பஸ் கழுவுகிற இடம், டிரைவர்கள் கையெழுத்துப் போடுகிற மேஜை எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். இன்ஜின் அடியில் படுத்திருந்த மெக்கானிக் காலை ஆட்டி வணக்கம் சொன்னார். இந்த மேஜையிலிருந்து அந்தக் கோடி பஸ் வரை நடக்க ஆறு நிமிஷம் ஆகும் என்பதை அந்தப் பெண் எழுதிக்கொண்டார். ஆவணத்தில் அந்த ஆறு நிமிஷம் எங்கேயும் இல்லை.

அடுத்து அவர் கேட்டது பழைய சார்ட்டுகளை. கடைசி ஒரு வருஷத்து சார்ட்டை எல்லாம் அக்கா போட்டோ எடுத்து அனுப்பினார். அங்கே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அக்கா சொன்ன விதிகளோடு ஒப்பிட்டார்கள். விதிக்கு ஒத்துவராத இடங்கள் ஒரு பட்டியலாக வந்தன. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்விதான்: காரணம் என்ன?

மாலைகளில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அக்கா பதில் எழுதினார். கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். எதிரே உட்கார்ந்து எட்டிப் பார்ப்பார்.

"பதினேழாம் நம்பருக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலை வண்டி மட்டும். ஏன்?"

"அவர் சம்சாரத்துக்கு டயாலிசிஸ். மத்தியானம் கூட்டிட்டுப் போகணும்."

"முப்பதும் முப்பத்தி நாலும் ஒரே ரூட்ல வராது. ஏன்?"

"அண்ணன் தம்பி. பேசிக்க மாட்டாங்க. ஒருத்தர் வண்டி முன்னாடி நின்னா இன்னொருத்தர் ஹாரனை அடிச்சே ஊரைக் கூட்டிடுவார்."

"இதையெல்லாம் எப்படி இங்கிலீஷ்ல எழுதுவே?"

"குடும்பக் காரணம்னு எழுதிட்டேன்."

கணவர் சிரித்துவிட்டு எழுந்து போனார். நூற்றுத் தொண்ணூறு பதில்கள் அப்படி ஓடிவிட்டன. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் அக்காவின் பேனா நின்றது.

எண்பத்தெட்டாம் நம்பர் டிரைவர். வருஷத்தில் வேலை செய்த இருநூற்றுத் தொண்ணூறு நாளில் இருநூற்று முப்பத்தொரு நாள் கடைசி டிரிப். மற்றவர்களுக்கு அதிகபட்சம் எழுபது. விதி எதிலும் இது இல்லை. காரணம் என்ன?

அக்கா யோசித்தார். உடம்பு சரியில்லாத மனைவியா? இல்லை. பகலில் வேறு வேலை பார்க்கிறாரா? இல்லை. அவரே கேட்டுக்கொண்டாரா? நினைவில்லை. எண்பத்தெட்டு அதிகம் பேசாதவர், ஜன்னலில் தலையை நுழைக்காதவர். அவ்வளவுதான் தெரிந்தது.

மறுநாள் பீரோவிலிருந்து பழைய சார்ட்டுகளை எடுத்துப் புரட்டினார். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், அதற்கும் முன்னால். ஒன்பது வருஷத்துக்கு அப்படியேதான் இருந்தது. எல்லாம் அக்காவின் கையெழுத்துதான். மற்றவர்கள் வந்து கேட்டபோதெல்லாம் அழித்து மாற்றிய இடங்களில், மிச்சமாக நின்ற கடைசி டிரிப்பை யாருக்காவது போட்டாக வேண்டும். கேள்வி கேட்காத ஆளுக்குப் போட்டிருக்கிறார். முதலில் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். பிறகு கை தானாகவே அந்தக் கட்டத்தில் எண்பத்தெட்டு என்று எழுதப் பழகிவிட்டது.

மதியம் மூன்றரைக்கு எண்பத்தெட்டு வேலைக்கு வருவார். அக்கா கை கழுவுகிற குழாய்ப் பக்கம் போய் நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு எப்பவும் கடைசி டிரிப்பே வருதே. நீங்க ஒரு தடவையாவது என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "அது அந்த கேட்டு விஷயத்துக்குத்தானே அக்கா?"

"எந்த கேட்டு?"

"ஒன்பது வருஷம் முன்னாடி ரிவர்ஸ் எடுக்கறப்போ கேட்டுத் தூணை இடிச்சுட்டேனே. அதுக்கடுத்த வாரத்துல இருந்துதான் கடைசி டிரிப் வர ஆரம்பிச்சுது. தண்டனைன்னு நினைச்சேன். எத்தனை வருஷத்துக்குன்னு கேட்டா இன்னும் ஏத்திடுவீங்களோன்னு கேக்கல."

அக்காவுக்கு அந்தத் தூண் ஞாபகமே இல்லை. "சத்தியமா அதுக்கில்ல அண்ணே," என்றார். வேறு எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"பொண்ணுதான் சொல்லும். அது ஏழாவது படிக்கறப்போ ஆரம்பிச்சுது. அது ஸ்கூல் விட்டு வரதுக்குள்ள நான் கிளம்பிடுவேன், நான் வரப்போ அது தூங்கிட்டிருக்கும். இப்போ அது வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகுது." சொல்லிவிட்டு டவலை மடித்துப் பையில் வைத்தார். "நேரமாச்சு அக்கா, வண்டியைப் பார்க்கணும்."

கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அக்கா அன்று கணவரிடம் சொன்னார். "எல்லாருக்கும் நல்லது பண்றதாத்தான் நினைச்சுட்டிருந்தேன். கேட்டவங்களுக்கு மட்டும்தான் பண்ணியிருக்கேன்."

"அந்தக் கம்பெனிப் பொண்ணுக்கு என்ன பதில் எழுதப் போறே?" என்று கேட்டார் கணவர்.

அக்கா எழுதினார்: காரணம் இல்லை. நான் செய்த தப்பு. புது விதி சேர்க்க வேண்டும். யாருக்கும் மாதத்தில் ஆறு கடைசி டிரிப்புக்கு மேல் வரக் கூடாது, அவரே எழுதிக் கேட்டால் தவிர.

பதில் வந்தது. வழக்கம்போல ஒரு டிரைவரின் ஒரு மாதத்தைச் சொல்லி, சரியா என்று அந்தப் புரோகிராமர் கேட்டிருந்தார். கூடவே கீழே இரண்டு வரி. "எங்கள் குழுவில் உங்களோடு பேசுகிற முறை எப்போதும் எனக்குத்தான் வருகிறது. யாரும் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை."

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். அடுத்த மீட்டிங்கில் முதல் வேலையாக, "இப்போ உங்க ஊர்ல மணி என்ன?" என்று கேட்டார். எட்டு மாதமாக அந்தக் கம்பெனியோடு பேசியும் கேட்டதில்லை. ராத்திரி ஒன்பது. கேமரா ஏன் மூடியே இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் மடியில் ஒரு குழந்தை தூங்க அடம்பிடித்துக்கொண்டிருக்கும்.

அக்கா மேனேஜரிடம் பேசினார். ஒரு வாரம் நம்முடைய காலை ஏழரைக்கு, மறுவாரம் அவர்களுடைய காலை எட்டுக்கு. அப்படியென்றால் இங்கே மாலை ஆறரை மணி.

"வாடிக்கையாளர் நாம மேடம். நாம ஏன் இறங்கிப் போகணும்?" என்றார் மேனேஜர்.

"தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டினா என்ன ஆகும்னு அன்னிக்குப் பார்த்தோம்ல சார். இதுவும் அப்படித்தான்," என்றார் அக்கா. மேனேஜர் சரி என்று கையைத் தூக்கிவிட்டார்.

ஆறு மாதம் என்ற வேலை பதினான்கு மாதம் ஆனது. செலவும் உள்ளூர்க் கம்பெனிகள் கேட்டதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மேனேஜர் அதைப் பற்றி வீட்டில் மாமனாரிடம் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை முழு டிப்போவுக்கும் ஒரேயடியாகப் போடவில்லை. முதலில் பத்து பஸ், அதுவும் வேண்டுமென்றே ராத்திரி வண்டிகள். பிறகு முப்பது. மூன்று மாதம் பக்கத்திலேயே பென்சில் சார்ட்டும் ஓடியது. சில சில்லறைக் குறைகள் கடைசி வரை போகவே இல்லை. பிரிண்ட் எடுத்தால் நீளமான பெயர்களின் வால் வெட்டுப்படும்.

புது விதி வந்ததும் டிரைவர்கள் சங்கத் தலைவர் ஜன்னலுக்கு வந்து கத்தினார். நாற்பது பேருக்குக் கடைசி டிரிப் கூடியிருந்தது. "கம்ப்யூட்டர் வந்து எங்க தலையில மண்ணைப் போட்டுடுச்சு," என்றார். அக்கா ஒன்பது வருஷத்து சார்ட்டையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்து, எண்பத்தெட்டாம் நம்பரை மட்டும் விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே போனார். நான்காவது வருஷத்து சார்ட்டுக்கு வந்தபோது தலைவர், "போதும் அக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பிறகும் முணுமுணுப்பு இருந்தது. சிலர் இன்றுவரை அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எண்பத்தெட்டுக்குக் காலை வண்டி கிடைத்தது. மூன்றாவது வாரம், வாழ்க்கையில் முதல் தடவையாக ஜன்னலில் தலையை நுழைத்தார்.

"அக்கா, வாரத்துல ஒரு நாள் கடைசி டிரிப் போட்டுடுங்க. அந்த ரூட்ல ராத்திரி காத்து நல்லா இருக்கும். பழகிடுச்சு."

"மாசத்துக்கு ஆறு வரைக்கும் கேக்காமலே வரும் அண்ணே. எந்த நாள் வேணும்?"

"புதன்," என்றார். "அன்னிக்குப் பொண்ணு ஆபீஸ்ல இருந்து லேட்டாத்தான் வரும்."

அந்தப் பெண் புரோகிராமரைக் கம்பெனி வேறு வேலைக்கு மாற்றிவிட்டது. கடைசி மீட்டிங்கில் ஒரு நிமிஷம் கேமராவைத் திறந்தார். குட்டை முடி, கண்ணாடி, தோளில் தூங்குகிற குழந்தை. இருவரும் கையாட்டிக்கொண்டார்கள். அப்புறம் கடிதம் எதுவும் வரவில்லை.

போன மாதம் அக்கா பத்து நாள் சேர்ந்தாற்போல லீவு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். மூன்றாவது நாள் பொறுக்க முடியாமல் டிப்போவுக்குப் போன் போட்டார். இரண்டாம் ஷிஃப்ட் கிளார்க் எடுத்தார்.

"எல்லா வண்டியும் போயிடுச்சா?"

"போயிடுச்சு அக்கா."

"யாராவது சண்டை போட்டாங்களா?"

"போட்டாங்க. பேசி அனுப்பிட்டேன். நீங்க போனை வைங்க அக்கா."

அக்கா வைத்தார். நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. தங்கை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தார்.